யாரும் அந்தச் சுவிட்சைப் போடக்கூடாது

அந்தப் பங்களாவில் துண்டு காய்ந்ததே இல்லை. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ரப்பர் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய பங்களா அது. வைகாசியில் பிடிக்கிற மழை ஆவணி வரை விடாது. கொடியில் போட்ட துண்டை இரண்டு நாள் கழித்து எடுத்தாலும் பிழிந்தால் தண்ணீர் வரும், முகர்ந்தால் பூஞ்சை மணக்கும்.

தோட்டத்தைக் கூறுபோட்டு விற்றபோது, பங்களாவையும் அதைச் சுற்றிய கொஞ்சம் காணியையும் ஹேரத் என்ற கொழும்புக்காரர் வாங்கினார். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுவது அவருடைய எண்ணம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் அவரையும் துரை என்றே கூப்பிட்டார்கள். அவருடைய மகள் லண்டனில் இருந்தாள். ஒருமுறை வந்து தங்கிப் பார்த்துவிட்டு, ஈரத் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து முகம் சுளித்தவள், ஊருக்குத் திரும்பியதும் ஒரு நீட்டு அட்டைப்பெட்டியைக் கப்பலில் அனுப்பி வைத்தாள். உள்ளே பளபளவென்று ஒரு இரும்புச் சட்டம். குளியலறைச் சுவரில் பூட்டி, கரண்ட் கொடுத்தால் அதன் குறுக்குக் கம்பிகள் சூடாகும். மேலே போட்ட துண்டு காயும். பார்க்க ஏணி மாதிரி இருந்ததால் பங்களாச் சமையல்காரர் மூக்கையா அதற்குச் சூட்டேணி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

பூட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் சூட்டேணி இரண்டு மழைக்காலம் சாமான் அறையிலேயே கிடந்தது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆடி மாதம், மகள் தன் புருஷனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்றதும்தான் துரைக்கு அதன் ஞாபகம் வந்தது. துஷாந்தனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

துஷாந்தன் அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவன். ஃபக்டரி எலக்ட்ரீஷியனுக்குக் கீழே நின்று வேலை பழகி, ஃபக்டரி மூடியபிறகு லயங்களுக்கும் கடைகளுக்கும் வயர் இழுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய மனைவி சுஜீதா பங்களாவில்தான் வேலை செய்தாள். கூட்டுவது, கழுவுவது, படுக்கை விரிப்பது எல்லாம் அவள்தான். துரை, பாதுகாப்பாகச் செய்யவேண்டும் என்று வேலையைச் சொல்லிவிட்டு, செய்ய ஏலாதென்றால் இப்போதே சொல்லிவிடு, கொழும்பிலிருந்து ஆட்களை வரவழைக்கிறேன் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். துஷாந்தன் ஏலும் என்றான்.

வேலையை அவன் ஒழுங்காகத்தான் தொடங்கினான். குளிக்கும் தொட்டியிலிருந்து எட்டாத தூரத்தில் சட்டத்தைப் பூட்டினான். ஈரக் கை படக்கூடாது என்று சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, நடையில் வைத்தான். பங்களாவின் பழைய வயரிங்கில் எர்த் கிடையாது. கசிவு வந்தால் தானே கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிட்சும் கிடையாது. இரண்டையும் மாவனல்லை டவுனில் வாங்கி வந்து பூட்டவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டான். அதற்கு முன்னால், சாமான் வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு வயரை மட்டும் கொடுத்துச் சுவிட்சைப் போட்டான். கம்பிகள் மெல்லச் சூடேறின. புறங்கையால் தொட்டுப் பார்த்தான். சுர்ரென்று இழுத்தது.

டெஸ்டரை வைத்தான், அதன் பல்ப் எரிந்தது. இரண்டு மழை குடித்த சாமான், உள்ளே ஈரம் ஏறி, கரண்ட் கம்பிக்கே கசிகிறது. காய்ந்த காலோடு நிற்கிறவனுக்குச் சுர்ரென்று போய்விடும். ஈரத் தரையில் நிற்கிறவனுக்கு அப்படிப் போகாது, ஆளே போய்விடும்.

அவன் சுவிட்சை நிறுத்தினான். வயரையும் கழற்றிவிட வேண்டும் என்று திருப்புளியைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்து துரை கூப்பிட்டார். பம்ப் நின்றுவிட்டது, தொட்டியில் தண்ணீர் இல்லை, உடனே வா என்றார். பம்ப் வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்து, மழை ஊற்றிக்கொண்டிருந்தது. சாமானில் கசிவு இருக்கிறது என்று துரையிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நீதான் கெடுத்தாய் என்பார், கொழும்பு ஆட்களைக் கூப்பிடுவார். காலையில் முதல் பஸ்ஸில் போய், மத்தியானத்துக்குள் திரும்பி, எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் பூட்டி, மறுபடி பார்த்து, கசிவு நிற்கவில்லையென்றால் அப்போது சொல்லலாம் என்று நினைத்தான். நாளைக்குத்தான் முடியும் என்று மூக்கையாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். சுஜீதாவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

*

மாவனல்லையில் அவன் எப்போதும் போகிற எலக்ட்ரிக் கடை, முஸ்லிம் கடைக்காரர் சாலி நானாவுடையது. கடை திறக்கும்போதே போய் நின்றான். செம்பு எர்த் கம்பி ஒன்று, ட்ரிப் சுவிட்ச் ஒன்று, பச்சை வயர் ஒரு சுருள் வாங்கினான். சூட்டேணியோடு லண்டனிலிருந்து ஒரு டைமரும் வந்திருந்தது. நேரம் குறித்து வைத்தால் தானே போட்டுத் தானே நிறுத்துகிற சின்னப் பெட்டி. அதைப் பூட்டும் விதம் பிடிபடாமல் பையில் எடுத்து வந்திருந்தான். சாலி நானா மூடியைத் திறந்து பார்த்து, எந்த வயர் எங்கே போகும் என்று காட்டிக் கொடுத்தார். பில் எழுதும்போது, வழியில செக்கிங் கூட, பில்லைத் தொலைச்சிராத என்று சொல்லிக் கொடுத்தார்.

வடக்கில் யுத்தம் நடந்து, பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடம் அது. வழியில் ஒரு சந்தியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. துஷாந்தனுக்கு அது புதிதல்ல. அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர் தமிழ்ப் பெயரை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பையைத் திறக்கச் சொன்னார்.

திறந்தபோது தன் பையை அவன் முதல்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தான். வயர். ஒரு முழ நீளச் செம்புக் கம்பி. டேப். மூடி திறந்து உள்வயர் தெரிகிற ஒரு டைமர்.

பின்னால் நின்றவர்கள் தாமாகவே பின்வாங்கினார்கள்.

அவன் சிங்களத்தில் நிதானமாகவே விளக்கினான். பில்லை நீட்டினான். பில்லில் எல்லாம் இருந்தது, அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த டைமரைத் தவிர. பொலிஸ்காரர் அதைத்தான் முதலில் கவனித்தார். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். போனையும் பையையும் வாங்கிக்கொண்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் நரைத்த மீசையுள்ள ஒரு சார்ஜன் அவனை விசாரித்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. மேசையில் சாமான்களை வரிசையாக அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். டைமரைப் பேனா நுனியால் தொட்டு, இது எதற்கு என்று கேட்டார்.

துண்டு காயவைக்கிற மெசினுக்கு என்றான் துஷாந்தன்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சார்ஜனும் சிரித்தார். துண்டு காயவைக்க ஒரு மெசினா, அதற்கு ஒரு டைமரா, உங்கள் தோட்டத்தில் வெயிலே இல்லையா என்று கேட்டார். துஷாந்தனும் சிரிக்கப் பார்த்தான். பிறகு சார்ஜன், இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய் என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், கூட விளையாடியவர்கள் எல்லாம் பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் என்றான். அதையும் எழுதிக்கொண்டார். எழுதிய விதத்தைப் பார்த்தால் அதுவும் அவனுக்கு எதிராகத்தான் எழுதப்படுகிறது போல் இருந்தது.

துரையின் நம்பருக்கு அடித்துப் பார்த்தார்கள். லைன் போகவில்லை. மகளைக் கூட்டிவர அவர் விடியற்காலையிலேயே விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார் என்று துஷாந்தன் சொன்னான். சரி, அவர் கிடைத்ததும் பேசிக்கொள்ளலாம், அதுவரை இரு என்று அவனைச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்குக் குளியலறை ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்தது என்பது சரியல்ல. அதுவரை அவன் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது துரை விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார் என்று தன் வாயாலேயே சொன்னதும், அதற்கு அடுத்தது என்ன என்று மனம் தானாக ஓடியது. மகள் வரும்போது துண்டு சூடாக இருக்கவேண்டும் என்று துரை மூக்கையாவிடம் நேற்று நாலு தரம் சொன்னார். மூக்கையா சொன்னதைச் செய்கிற மனிதர். சூட்டேணி சுவரில் இருக்கிறது. சுவிட்ச் நடையில் இருக்கிறது. நேற்று அது சூடானதை அவரும் எட்டிப் பார்த்திருந்தார். இன்னும் முடியவில்லை என்று சொன்னதை, டைமர் பூட்டத்தான் பாக்கி என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். விருந்தாளி வருகிற நாளில் சுஜீதா குளியலறையைக் கடைசியாகத்தான் கழுவுவாள். அவள் கழுவுகிற விதம் அவனுக்குத் தெரியும். செருப்பில்லாத கால். தரையெல்லாம் தண்ணீர். இடது கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஈரத்துணியோடு எட்டி எட்டித் துடைப்பாள். குழாயில் ஒரு கை, சூட்டேணியில் ஒரு கை என்றால் கரண்ட் நெஞ்சுக்குக் குறுக்காகப் போகும்.

அவன் எழுந்து, மனைவிக்கு ஒரு போன் கோல் எடுத்துத் தரும்படி கேட்டான். சார்ஜன் முடியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். உட்கார் என்றார்.

என்ன சொல்லவேண்டும் என்பதை அவன் மனதுக்குள் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தான். 'பாத்ரூமில் ஒரு சாமான் பூட்டியிருக்கிறேன். சுவிட்சைப் போட்டால் ஆள் செத்துப்போகும். யாரையும் உள்ளே போகவேண்டாமென்று சொல்லுங்கள்.' மேசையில் வயரும் டைமரும் கிடக்க, அந்த வார்த்தைகள் அவர்கள் காதில் எப்படி விழும் என்று அவனுக்கே கேட்டது. வார்த்தையை மாற்றிப் போட்டுப் பார்த்தான். கசிவு என்று சொல்லலாம், எர்த் என்று சொல்லலாம், பழுது என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் கடைசியில், சுவிட்ச், தொட்டால் சாவு, துரையுடைய மகளும் குழந்தையும் வருகிற வீடு என்ற இடத்துக்குத்தான் வந்து நின்றது. பேசாமல் இருந்தால் பின்னேரத்துக்குள் துரையின் போன் கிடைக்கும். துரை சொன்னால் விட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் போய்விடலாம்.

சுவரில் இருந்த மணிக்கூட்டை அவன் பார்த்தான். பார்க்காமல் இருக்க முயன்று, மறுபடி பார்த்தான். இந்நேரம் சுஜீதா படுக்கை விரித்து முடித்திருப்பாள்.

அவன் மூன்றாம் முறை எழுந்தான்.

"சேர், எனக்கு கோல் வேணாம். நீங்களே பங்களாவுக்கு எடுத்துச் சொன்னாப் போதும்."

"என்னண்டு சொல்ல?"

"பாத்ரூம் சுவிட்ச யாரும் போடக்கூடாது. போட்டிருந்தா உள்ள இருக்கிற எதையும் தொடாம எல்லாரும் வெளிய வந்திரணும். தொட்டா ஆள் போயிரும் சேர்."

சார்ஜன் சத்தம் போடவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார். துஷாந்தனைப் பார்த்துக்கொண்டே எழுந்து, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து உள்ளறைக்குப் போனார். அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல, பயம். ஒரு மனிதன் தன்னைப் பார்த்துப் பயப்படுவதைத் துஷாந்தன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார், அவர் பின்னால் இன்னும் மூன்று பேர். சட்டையைக் கழற்றச் சொல்லி, சுவரைப் பார்க்க நிற்க வைத்தார்கள்.

"எத்தன எடத்துல வச்சிருக்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நா ஒண்ணும் வைக்கல சேர். பூட்டுனேன். துண்டு காயவைக்கிறது."

அவன் பூட்டினேன் என்பதற்குச் சொன்ன சிங்களச் சொல்லுக்கும், அவர்கள் வைத்தாய் என்று கேட்டதற்கும் அந்த அறையில் வித்தியாசம் இருக்கவில்லை. கன்னத்தில் அடி விழுந்தது. விழுந்த பிறகும் அவன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். இப்பவே எடுங்க சேர், இப்பவே எடுத்துச் சொல்லுங்க. அவன் அவசரப்பட அவசரப்பட அவர்கள் அதை இன்னும் நம்பினார்கள். போன் சுழற்றுகிற சத்தம் பக்கத்து அறையில் கேட்டபோது அவன் சுவரில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடினான். அடித்தவர்கள் அது பயம் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அது நிம்மதி.

*

பங்களாவில் நடந்ததை அவன் பல மாதம் கழித்துத்தான் சுஜீதா சொல்லித் தெரிந்துகொண்டான். அன்று போன் போனது பங்களாவுக்கல்ல, புளத்கொகுபிட்டியப் பொலிசுக்கு.

மூக்கையா காலைச் சாப்பாடு முடிந்ததும் சுவிட்சைப் போட்டிருந்தார். சுஜீதா வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், தரையில் தண்ணீரை ஊற்றி, வாஷ்பேசினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது சூட்டேணிதான். துணியை நனைத்துப் பிழிந்து கையில் எடுத்தபோது வாசலில் ஜீப் சத்தமும் ஆட்கள் கத்துகிற சத்தமும் கேட்டது. சமையலறையில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, அப்படியே ஈரக் காலோடு ஓடிவந்தாள். அவளையும் மூக்கையாவையும் புல்தரையில் மழைக்குள் முழங்கால் போட வைத்தார்கள். புருஷன் பெயரைக் கேட்டார்கள். சொன்னாள். சொன்னதும் அவளை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்தினார்கள்.

துரையின் கார் வந்தபோது அதைக் கீழ் வளைவிலேயே மறித்துவிட்டார்கள். குழந்தை காருக்குள் அழுகிற சத்தம் மேலே வரை கேட்டதாம்.

குண்டு பார்க்கிறவர்கள் கொழும்பிலிருந்து வரவேண்டும், அதுவரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. ஆனால் ஒரு இளம் பொலிஸ்காரர், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று குளியலறைக்குள் போய்விட்டார். காலில் நனைந்த சப்பாத்து, தரையில் தண்ணீர். ஒரு கையால் குழாயைப் பிடித்துக் குனிந்து, மறு கையால் சட்டத்துக்குப் பின்னால் தடவிப் பார்த்திருக்கிறார். தூக்கி எறியப்பட்டு, தொட்டியின் விளிம்பில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. உள்ளங்கை கருகிப்போனது. உயிர் தப்பியது அவருடைய நல்ல காலம்.

துஷாந்தனின் கெட்ட காலம் அதில்தான் தொடங்கியது. சாயங்காலம் கொழும்பு ஆட்கள் வந்து, மெயினை நிறுத்தி, சூட்டேணியைச் சுவர்ப் பூச்சோடு பெயர்த்து எடுத்து, இது குண்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு பொலிஸ்காரருக்குக் காயம். குண்டு இல்லையென்றால் இது ஆளைக் கொல்ல வைத்த பொறி. அப்படித்தான் எழுதப்பட்டது.

துரை மறுநாள் பொலிசுக்குப் போனார். டைமர் தன்னுடைய மகள் அனுப்பியதுதான், வேலை தான் கொடுத்ததுதான் என்று ஒளிக்காமல் சொன்னார். ஏன் இந்த மாதிரி அரைகுறையாக விட்டான் என்று கேட்டபோது, "அது எனக்கும் தெரியாது. பாதுகாப்பாச் செய்யச் சொல்லித்தான் குடுத்தேன்" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த ஒரு பதில்தான் துஷாந்தனோடு கொழும்புவரை போனது.

கொழும்பில் அவன் இருந்த இடத்தைப் பற்றி அவன் பிறகு யாரிடமும் அதிகம் பேசியதில்லை. விசாரிக்கிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை. கசிகிறது என்று தெரிந்தும் ஏன் கழற்றவில்லை? பம்ப் என்றான். மழை என்றான். மறுநாள் வந்துவிடலாம் என்று நினைத்தேன் என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நம்பும்படியாக இல்லை. தெரிந்த வேலைக்காரன் ஒருவன் அப்படி விட்டுவிட்டுப் போவானா என்று அவர்கள் கேட்டார்கள். போகமாட்டான் என்றுதான் அவனுக்கும் தோன்றியது. சில நாள், தான் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை அவன் தனக்குத்தானே நிரூபிக்க வேண்டியிருந்தது.

சாலி நானா கடையை மூடிவிட்டுக் கொழும்புக்கு வந்து சாட்சி சொன்னார். எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் ஆளைக் காப்பாற்ற வாங்குகிற சாமான், கொல்ல நினைக்கிறவன் அதைக் காசு கொடுத்து வாங்க மாட்டான் என்றார். அவரை வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு தமிழ்ப் பையனுக்காக அந்த நேரத்தில் அப்படிப் போவது அவருக்கும் ஆபத்துத்தான். கடைசியில் ஒரு எஞ்சினியர் சட்டத்தைப் பிரித்துப் பார்த்து அறிக்கை கொடுத்தார். சாமானுக்குள் ஈரம், அதனால் கசிவு. எர்த் இல்லை. வேலை முடியாத நிலை. இது மோசமான வயரிங், நாசவேலை அல்ல. நீதவான் அதை வாசித்துவிட்டு அவனை விடுதலை செய்தார். தை பிறந்திருந்தது.

மோசமான வயரிங். அவனை வெளியே கொண்டுவந்த வார்த்தை அதுதான்.

*

லயத்துக்கு வந்தபோது யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஆட்கள் வந்து பார்த்தார்கள், இளைத்துவிட்டாய் என்றார்கள், தேத்தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனார்கள். வீட்டில் லைட் எரியவில்லையென்றாலும் அவனைக் கூப்பிடவில்லை. அவனைக் கூப்பிட்டால் பொலிஸ் வருமோ என்ற பயம் சிலருக்கு. வயர் விஷயத்தில் அவனை நம்பலாமா என்ற யோசனை சிலருக்கு. எது யாருக்கு என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. சுஜீதாவைப் பங்களாவிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அவள் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் அவனை நன்றாகத்தான் கவனித்தாள். சோறு போட்டாள், எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஆனால் ஏதோ ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டே நடமாடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் விழும் பீலியில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அவன் வாளி தூக்க வந்தான். அவள் துவைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அத ஏன் கழட்டாமப் போனீங்க?"

கொழும்பில் அத்தனை பேர் கேட்ட கேள்வி. அவர்களிடம் சொன்ன பம்பையும் மழையையும் அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"தொரகிட்டச் சொன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாருன்னு இருந்துட்டேன் புள்ள. ராத்திரிக்குள்ள ஒண்ணும் ஆயிராதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

அவள் துணியைப் பிழிந்து கல்லில் வைத்தாள். புல்தரையில் முழங்கால் போட்டு நின்றதைச் சொன்னாள். உள்ளே போன பொலிஸ்காரப் பையன் போட்ட சத்தம் வெளியே கேட்டதைச் சொன்னாள். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கை தொங்கியதாம், முகத்தில் மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லையாம்.

"நீங்க பேசாம இருந்திருந்தா அன்னிக்கு நா போயிருப்பேன். அது எனக்குத் தெரியும். வாயத் தொறந்ததாலதான் ஒங்கள இந்தப் பாடு படுத்துனாங்க, அதுவும் தெரியும். ஆனா அந்தத் துணியப் புழிஞ்சு கையில எடுத்தது ஞாபகம் வரும்போதெல்லாம் ஒங்க மேலதாங்க கோவம் வருது. போகமாட்டேங்குது."

அவன் பிழிந்த துணிகளை வாளியில் எடுத்துப் போட்டான். அந்தக் கோபம் ஒன்றுதான் அவனை ஒரு வேலைக்காரனாக மதித்துக் கேள்வி கேட்டது என்று பிறகு அவனுக்குத் தோன்றியது. மற்றவர்கள் எல்லோரும் அவனை ஒன்றில் பயங்கரவாதி என்றார்கள், அல்லது பாவம் என்றார்கள். அந்தப் பொலிஸ்காரப் பையனுடைய ஊர்ப் பெயர் விசாரித்து, ஒரு தரம் போய்ப் பார்த்து வரலாமா என்று அவளிடம் கேட்டான். அந்த வீட்டு வாசலில் நீங்கள் போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதோடு விட்டுவிட்டான்.

மாசியில் சாலி நானா ஆள் அனுப்பினார். கடையில் சாமான் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், விருப்பமென்றால் வரட்டும் என்று. அவன் இரண்டு நாள் யோசித்தான். வேலையைப் பற்றி யோசிக்கவில்லை. வழியைப் பற்றித்தான் யோசித்தான். சுஜீதா அதைக் கண்டுகொண்டாள். அன்று அவள் பால் வெட்டப் போகவில்லை. நானும் வாறேன் என்று சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

கையில் ஒன்றும் எடுக்காமல் புறப்பட்டார்கள். அவள் பையில் சோற்றுப் பார்சல் மட்டும். அதே சந்தியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அவன் ஆண்கள் வரிசையில் நின்றான். கருகிய உள்ளங்கை தெரிகிறதா என்று தேடுவதுபோல், முன்னால் நின்ற பொலிஸ்காரர்களுடைய கைகளையே அவன் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் பெண்கள் வரிசையிலிருந்து கவனித்தாள். அவனுடைய முறை வந்தது. அட்டையைப் பார்த்தார்கள், சட்டைப்பையைத் தட்டினார்கள், போ என்றார்கள். அவ்வளவுதான்.

எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். அவன் படியில் ஒரு காலை வைத்தான். மறு கால் எழும்பவில்லை. கொண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் படியிலிருந்து காலை எடுத்து, பாதையோரத்தில் இருந்த கல்லில் போய் உட்கார்ந்தான். உள்ளே இடம் பிடித்திருந்த சுஜீதா, ஆட்களை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். பஸ் போய்விட்டது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தாள். வேண்டாம் என்று தலையாட்டினான். பிறகு கொஞ்சம் சாப்பிட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் அவர்களைப் பார்த்து, என்ன விஷயம் என்று தலையசைத்துக் கேட்டார். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறோம் மாத்தயா என்று சுஜீதாவே சிங்களத்தில் சொன்னாள்.

அடுத்த பஸ்ஸில் அவர்கள் ஏறிக்கொண்டார்கள். மாவனல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாலி நானா கடைக் கதவை ஒருக்களித்துவிட்டு நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். வெளியே கிடந்த பெஞ்சில் இரண்டு பேரும் அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.